வாங்குபவரின் வினை

திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரத்துக்கு உரை எழுதும் பரிமேலழகர், ஓரிடத்தில் ஒரு வாதியை எதிரே நிறுத்திப் பதில் சொல்கிறார். அந்த வாதியின் கேள்வி அலட்சியமாகத் தள்ளக்கூடியதல்ல. கொலை முதலில் நடக்கிறது. தின்பது பிறகு நடக்கிறது. பின்னால் நிகழ்வது முன்னால் நிகழ்ந்ததற்குக் காரணமாக முடியுமா? முடியாது என்றால், விலைக்கு வந்த ஊனை வாங்கித் தின்றவரைக் கொலைப்பாவம் எப்படித் தொடும்? பரிமேலழகர் இதற்கு அருத்தாபத்தி என்னும் அளவையைக் கொண்டு விடை காண்கிறார். தின்பவர் இல்லையென்றால் விலைக்குத் தருபவரும் இல்லை என்கிறது குறள். ஆகவே தின்கை காலத்தால் பிந்தியதாயினும் கொலைக்கு ஏதுவே என்பது அவர் முடிவு. ஊன் உண்ணலாமா கூடாதா என்பது இந்தக் கட்டுரையின் கேள்வி அன்று. கையால் செய்யாதவர், கண்ணால் காணாதவர், பணம் கொடுத்துப் பெற்றுக்கொண்டவர் ஒரு தீங்குக்குக் காரணமாக முடியுமா என்று அந்த விவாதம் எழுப்பிய பொதுக் கேள்விதான் இங்கே வேண்டியது. இன்று அந்தக் கேள்வி முழு உருவில் எழும் இடம், உலகெங்கும் சரக்கு வாங்கி விற்கும் பெரிய சில்லறை வணிக நிறுவனங்களின் கொள்முதல் துறை.

எந்தப் பொருள், எத்தனை, என்றைக்கு, எந்தக் கிடங்குக்கு, என்ன விலைக்கு வந்து சேர வேண்டும் என்று தீர்மானிக்கும் ஏற்பாட்டைத்தான் சப்ளை செயின் என்கிறார்கள். அமெரிக்காவின் வால்மார்ட் உலகின் மிகப் பெரிய சில்லறை நிறுவனமாக வளர்ந்ததில் இந்த ஏற்பாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. 1980களின் பிற்பகுதியிலேயே அது தன் கடைகளையும் கிடங்குகளையும் தலைமையகத்தையும் செயற்கைக்கோள் வழியே இணைத்துவிட்டது. ஒரு லாரியில் வந்த சரக்கைக் கிடங்கில் அடுக்கிவைக்காமல், இறக்கிய கையோடு கடைக்குப் போகும் வேறொரு லாரியில் ஏற்றும் முறையைப் பெரிய அளவில் நடத்திக் காட்டியது. 1991இல் வந்த ரீடெய்ல் லிங்க் என்ற கணினி ஏற்பாட்டின் மூலம், தன் சரக்கு எந்தக் கடையில் எவ்வளவு விற்றது என்பதைச் சப்ளையரே பார்த்துக்கொள்ள முடிந்தது. 2017 வாக்கில் அந்த நிறுவனம் ஐபிஎம்முடன் சேர்ந்து பிளாக்செயின் தொழில்நுட்பத்தைச் சோதித்தது. நறுக்கி அடைத்த மாம்பழத் துண்டுகளின் ஒரு பொட்டலம் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று பழைய முறையில் தேடியபோது 6 நாள், 18 மணி, 26 நிமிடம் ஆனது. புதிய முறையில் அதே விடை 2.2 விநாடியில் கிடைத்தது. கெட்டுப்போன உணவால் நோய் பரவும்போது இந்த வேகம் உயிர்களைக் காக்கக்கூடியது. அதை யாரும் குறைத்துப் பேச முடியாது.

இதே துறையின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2012 நவம்பர் 24 அன்று வங்கதேசத் தலைநகர் டாக்காவுக்கு அருகே ஆஷுலியாவில் தஸ்ரீன் ஃபேஷன்ஸ் என்ற ஆடைத் தொழிற்சாலையில் தீப்பிடித்து 110க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்தார்கள். எரிந்த கட்டடத்தில் வால்மார்ட்டுக்கு உரிய ஆடைகள் கிடந்தன. அந்த ஆலைக்கு எங்கள் அனுமதி கிடையாது, எங்கள் சப்ளையர் ஒருவர் எங்கள் விதியை மீறி வேலையை அங்கே சப் காண்ட்ராக்ட் விட்டுவிட்டார், அவரோடு உறவை முறித்துக்கொண்டோம் என்று நிறுவனம் விளக்கம் தந்தது. விளக்கம் பொய் என்று சொல்வதற்கில்லை. ஆனால் அது எந்த வகைப்பட்ட விளக்கம் என்று கவனிக்க வேண்டும். ஒரு சட்டை எந்த ஊர்க் கடையில் எந்த நாளில் விற்றது என்பதை இருபது ஆண்டுகளாகத் துல்லியமாக அறிந்த ஒரு துறை, அந்தச் சட்டை எந்தக் கூரையின் கீழ் தைக்கப்பட்டது என்று தனக்குத் தெரியாது என்கிறது. சங்கிலியின் ஒரு முனையில் பகல் வெளிச்சம், மறுமுனையில் இருட்டு. வெளிச்சத்தை எந்தப் பக்கம் கொண்டுபோவது என்று யாரோ தீர்மானித்திருக்கிறார்கள்.

என் வாதம் இது. சப்ளை செயினைச் சீர்படுத்துவது என்பது ஒழுக்கத்தோடு தொடர்பற்ற வெறும் தொழில்நுட்ப வேலை ஆகாது. அறியும் ஆற்றலும் ஏவும் ஆற்றலும் கூடக்கூட, வாங்குபவர் தூரத்தில் நடக்கும் செயலுக்கு மேலும் மேலும் காரணமாகிறார். எனவே சீர்திருத்தத்தின் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. விலை, கெடு, அளவு ஆகியவற்றில் அதிகாரத்தைப் பெருக்கிக்கொண்டு, அந்த அதிகாரத்தின் விளைவுகளில் மட்டும் அந்நியராக நிற்பது தர்க்கத்துக்கே பொருந்தாத நிலை. இதை மறுத்து எழக்கூடிய வாதங்கள் பலவும் புதியவை அல்ல. இந்திய மெய்யியலில் ஊன் உணவைச் சுற்றி நடந்த நெடிய சண்டையில் அவற்றின் மூதாதையர்களைக் காணலாம். நீலகேசி என்னும் சமணக் காப்பியமும் பௌத்தரோடு இதைப் பற்றி வாதிடுகிறது.

முதல் மறுப்பு பரிமேலழகரின் வாதி எழுப்பியதே: காரியத்துக்குப் பின்னால் வருவது காரணமாகாது. கடையில் தொங்கும் சட்டையை எடுக்கும் வாடிக்கையாளரைப் பொறுத்தவரை இதில் ஏதோ நியாயம் இருப்பதுபோலத் தோன்றலாம். சில்லறை நிறுவனத்துக்கு அந்த நியாயமும் இல்லை. ஆர்டர் முன்னால் போகிறது. துணி அதன் பிறகுதான் வெட்டப்படுகிறது. இன்றைய கொள்முதல் முறையோ இன்னும் ஒரு படி மேலே போகிறது. புரோக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தார் தங்கள் டயப்பர் வியாபாரத்தில் ஒரு விந்தையைக் கண்டார்கள். குழந்தைகள் ஏறத்தாழ ஒரே சீராகத்தான் டயப்பரை நனைக்கின்றன. கடை விற்பனையும் பெரிதாக ஏறி இறங்குவதில்லை. ஆனால் விநியோகஸ்தர்களின் ஆர்டர்கள் தாறுமாறாக ஏறி இறங்கின. மூலப்பொருள் தருபவருக்குப் போன ஆர்டர்கள் அதைவிடக் கொந்தளித்தன. ஜே ஃபாரஸ்டர் 1961இலேயே கணித மாதிரியால் காட்டிய இந்தப் போக்கை, 1997இல் ஹாவ் லீயும் அவருடைய சகாக்களும் புல்விப் விளைவு என்ற பெயரில் விளக்கினார்கள். சங்கிலியின் நுனியில் ஏற்படும் சிறு அசைவு, அடிக்குப் போகப் போகப் பெரிய ஆட்டமாகிறது. இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. ஒவ்வொருவரும் தன்னளவில் புத்திசாலித்தனமாக நடந்துகொள்வதாலேயே இது விளைகிறது. கடைசி நேரத்தில் மாற்றப்பட்ட ஓர் எண்ணிக்கை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி யாரோ ஒருவரின் இரவு ஓவர்டைமாக முடிகிறது. வாங்குபவரின் எதிர்பார்ப்பு உற்பத்திக்கு முன்பே புறப்பட்டுவிடுகிறது என்பதற்கும், அது போகும் வழியில் பெருகுகிறது என்பதற்கும் இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இரண்டாவது மறுப்பு இதைவிட நுட்பமானது: எங்களுக்குத் தெரியாது. பௌத்தத்தில் இதற்கு ஒரு மதிப்புமிக்க முன்மாதிரி உண்டு. பிக்குகள் ஊன் உண்ணலாமா என்ற கேள்விக்கு ஜீவக சுத்தத்தில் புத்தர் மூன்று நிபந்தனைகளைச் சொல்கிறார். தனக்காகக் கொல்லப்பட்டதைப் பிக்கு கண்டிருக்கக் கூடாது, கேட்டிருக்கக் கூடாது, அப்படி ஓர் ஐயமும் எழுந்திருக்கக் கூடாது. இந்த மூன்றும் நிறைவேறினால் பாத்திரத்தில் விழுந்ததை உண்பதில் குற்றமில்லை. இன்றைய நிறுவனங்களின் விளக்க அறிக்கைகள் பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான் அமைகின்றன: நாங்கள் பார்க்கவில்லை, எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, சந்தேகப்பட முகாந்திரம் இல்லை. ஆனால் அந்த விலக்கு யாருக்குத் தரப்பட்டது என்பதை மறந்துவிடக் கூடாது. பிக்கு இன்னது வேண்டும் என்று கேட்பதில்லை, விலை பேசுவதில்லை, நாள் குறிப்பதில்லை. யாரோ உண்டு மிஞ்சியதை வீட்டு வாசலில் நின்று பெற்றுக்கொள்கிறார். கேளாமல் பெறுபவருக்கு உரிய தூய்மை அது. சில்லறை நிறுவனமோ அளவும் நிறமும் தையலும் பொத்தானும் கப்பலேறும் தேதியும் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புகிறது. இல்லறத்தாருக்கு அதே பௌத்தம் சொன்னது வேறு. ஆயுதம், உயிர்கள், ஊன், மது, நஞ்சு ஆகிய ஐந்து வணிகங்களையும் உபாசகர் செய்யலாகாது என்று அங்குத்தர நிகாயம் விலக்குகிறது. துறவிக்குத் தந்த சலுகையை வணிகருக்கு அது தரவில்லை. ஏவுகிற கை துறவியின் அறியாமையைக் கடன் வாங்க முடியாது.

இங்கே நேர்மையான வாசகர் ஒருவர் குறுக்கிடலாம். கொல்லாமல் ஊன் கிடைக்காது. ஆனால் யாரையும் எரிக்காமல் சட்டை தைக்க முடியுமே? ஊனுக்கும் கொலைக்கும் உள்ள பிரிக்க முடியாத தொடர்பு, சட்டைக்கும் தீ விபத்துக்கும் இடையே இல்லையே? இந்த வேறுபாடு உண்மையானது. அருத்தாபத்தி என்ற அளவை உதவுவதும் இந்த இடத்தில்தான். மீமாம்சகர் அதற்குத் தரும் வழக்கமான எடுத்துக்காட்டு தேவதத்தன். அவன் பகலில் உண்பதில்லை. ஆனாலும் உடல் பருத்திருக்கிறான். யாரும் பார்க்கவில்லையென்றாலும் அவன் இரவில் உண்கிறான் என்று கொண்டால்தான் இரண்டு உண்மைகளும் பொருந்தும். இதைத் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஓர் ஆலையில் எத்தனை மெஷின்கள், ஒரு நாளில் எத்தனை உருப்படி தைக்க முடியும் என்பது வாங்குபவருக்குத் தெரியும். துணி விலை தெரியும். அந்த நாட்டின் குறைந்தபட்சக் கூலி தெரியும். தான் கொடுத்த கெடுவும் தெரியும். சட்டப்படியான வேலை நேரத்தில் தைத்து முடிக்கவே முடியாத எண்ணிக்கை, சட்டப்படியான செலவுக்கு அடங்கவே அடங்காத விலையில், சொன்ன தேதிக்குத் துறைமுகம் வந்து சேர்ந்தால் அதற்குப் பொருள் என்ன? இரவில் தைத்திருக்கிறார்கள், அல்லது வேறெங்கோ தைத்திருக்கிறார்கள், அல்லது யாருக்கோ கூலி தரவில்லை. நேரில் பார்த்தால்தான் தெரியும் என்பதில்லை, கணக்கே சொல்லிவிடுகிறது. பொதுவாகச் சட்டை என்னும் பொருளுக்குத் தீங்கு தேவையில்லை என்பது சரி. ஆனால் ஆர்டர் கேட்பது பொதுவான சட்டையை அன்று. இன்ன விலையில் இன்ன நாளுக்குள் இத்தனை சட்டை. அந்த நிபந்தனைகளுக்குள் தீங்கு ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கக்கூடும்.

இது வெறும் ஊகம் என்று தள்ளிவிட முடியாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 87 நாடுகளில் 1,400க்கும் மேற்பட்ட சப்ளையர்களிடம் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2017இல் வெளிவந்தன. உற்பத்திச் செலவைவிடக் குறைந்த விலைக்கு ஆர்டர்களை ஏற்றுக்கொண்டதாக 39 சதவீதத்தினர் சொன்னார்கள். ஆடைத் துறையில் இப்படிச் சொன்னவர்கள் பாதிக்கும் மேல். நட்டத்துக்கு ஏன் ஒப்புக்கொள்கிறார்கள்? இந்த ஆர்டரை விட்டால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயம். அந்த நட்டத்தை எங்காவது ஈடுகட்டியாக வேண்டும். மின்கட்டணத்தையோ நூல் விலையையோ ஆலை முதலாளி குறைக்க முடியாது. குறைக்க முடிவது மூன்றுதான்: கூலி, ஓய்வு, பாதுகாப்பு. விலை பேசும் மேசையில் இந்த மூன்றின் பெயரும் அடிபடுவதில்லை. ஆனால் அங்கே குறைக்கப்படும் ஒவ்வொரு காசும் இவற்றில் ஒன்றைத்தான் போய்த் தொடுகிறது.

இதற்கு நிறுவனங்கள் கண்ட தீர்வு ஆடிட். ஆண்டுக்கு ஒருமுறை ஆள் போய்ப் பட்டியலை வைத்துக்கொண்டு சரிபார்த்துச் சான்றிதழ் தருவது. பாகிஸ்தானின் கராச்சியில் அலி என்டர்பிரைசஸ் ஆலை 2012 ஆகஸ்டில் எஸ்ஏ 8000 என்ற சமூகப் பொறுப்புச் சான்றிதழைப் பெற்றது. செப்டம்பர் 11 அன்று அதே ஆலையில் தீப்பிடித்து 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஜன்னல்களுக்குக் கம்பி போடப்பட்டிருந்தது. வெளியேறும் கதவுகள் பூட்டிக் கிடந்தன. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தின் சாவாரில் ராணா பிளாசா என்ற கட்டடம் இடிந்து 1,134 பேர் மாண்டார்கள். முதல் நாளே சுவரில் விரிசல் கண்டு கீழ்த்தளத்து வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மேல்தளங்களில் இருந்த ஆடைத் தொழிலாளர்களோ மறுநாள் காலையில் வேலைக்கு ஏற்றப்பட்டார்கள். அந்தக் கட்டடத்தில் இயங்கிய ஆலைகளிலும் ஆடிட் நடந்திருந்தது. ஆனால் கட்டடத்தின் உறுதியைச் சோதிப்பது ஆடிட்டின் வேலையாக இல்லை. ஒரே கட்டடத்தில் வங்கி ஊழியர் வீட்டில் இருக்க முடிந்தது, தையல் தொழிலாளியால் முடியவில்லை என்றால், அந்த வேறுபாட்டில் ஷிப்மென்ட் தேதிக்கும் ஒரு பங்கு உண்டு. ஆடிட் ஆலையைத்தான் சோதிக்கிறது. ஆலைக்கு வந்த ஆர்டரை, அதில் எழுதிய விலையை, கெடுவை அது சோதிப்பதில்லை. அறியாமை மன்னிப்புக்குரியதா என்று ஆராயும் அரிஸ்டாட்டில், குடிபோதையில் குற்றம் செய்தவருக்கு இரட்டைத் தண்டனை விதித்த சட்டத்தை எடுத்துக்காட்டுகிறார். தெரியாமல் செய்தேன் என்பது உண்மையாகவே இருந்தாலும், தெரியாத நிலையைத் தானே வரவழைத்துக்கொண்டவருக்கு அது கேடயம் ஆகாது. கேட்காத கேள்விகளால் ஆன ஆடிட்டும் அத்தகைய வரவழைத்த அறியாமைதான்.

எண்ணம்தானே வினை, எங்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லையே என்பது அடுத்த மறுப்பு. எண்ணத்தையே வினையாகக் கொண்ட பௌத்தர்களைச் சமணர்கள் கடுமையாகக் கேலி செய்தார்கள். குழந்தையைச் சுரைக்காய் என்று நினைத்துச் சுட்டுவிட்டால் பாவமில்லையா என்று கேட்டது அவர்களுடைய சூத்திரகிருதாங்கம். அந்தக் கேலி பௌத்தத்துக்கு முழு நியாயம் செய்யவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் சமணம் அதற்கு மாற்றாக வைத்த இலக்கணம் நம் காலத்துக்கு மிகவும் தேவையானது. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம், கவனக்குறைவான செயலால் உயிருக்குக் கேடு விளைவிப்பதை இம்சை என்று வரையறுக்கிறது. பகை வேண்டியதில்லை, வெறுப்பு வேண்டியதில்லை; கவனம் வைக்க வேண்டிய இடத்தில் வைக்காமல் இருந்தாலே போதும். செய்தல், செய்வித்தல், செய்தவரோடு உடன்படுதல் என்ற மூன்றையும் அது ஒரே வரிசையில் வைக்கிறது. கொள்முதல் அதிகாரி தையல்காரருக்குத் தீங்கு நினைப்பதில்லை. தன் காலாண்டு இலக்கைத்தான் நினைக்கிறார். தீங்கு அவருடைய எண்ணத்தில் இல்லை. அவர் கவனம் போகாத இடத்தில் இருக்கிறது. பெரிய நிறுவனங்களின் குற்றங்களை அளக்க, வன்மத்தைத் தேடும் அளவுகோலைவிடக் கவனக்குறைவைத் தேடும் இந்த அளவுகோல் பொருத்தமானது.

அப்படியானால் ஆலை முதலாளி தப்பித்துவிடுகிறாரா? கதவைப் பூட்டியவர் அவர்தானே? நிச்சயமாக அவர் தப்ப முடியாது. பொறுப்பை நிலத்தைப்போலப் பங்கு போடுவதாக நினைத்துக்கொள்வதால்தான் இந்தக் குழப்பம். ஒருவருக்கு அரை ஏக்கர் போனால் மற்றவருக்கு அரை ஏக்கர் குறையும். பழி அப்படிக் குறைவதில்லை. மகாபாரதத்தின் அனுசாசன பருவம் பணம் கொடுத்து வாங்குபவர், உண்பவர், கட்டி அறுப்பவர் மூவரையும் கொலையில் முழுமையாகச் சேர்க்கிறது. மூன்றில் ஒரு பங்கு என்று பிரித்துக் கொடுக்கவில்லை. அமெரிக்க மெய்யியலாளர் ஐரிஸ் மேரியன் யங், ஆடைத் தொழிற்சாலைகளையே எடுத்துக்காட்டாகக் கொண்டு 2006இல் எழுதிய கட்டுரையில் இந்தச் சிக்கலை வேறு வழியில் அவிழ்த்தார். குற்றவாளியைக் கண்டுபிடித்துத் தண்டிப்பது ஒரு வகைப் பொறுப்பு. அநீதியை உண்டாக்கும் அமைப்பில் பங்கெடுப்பவர் அதை மாற்ற ஏற்றுக்கொள்ள வேண்டியது இன்னொரு வகைப் பொறுப்பு. முன்னது நடந்து முடிந்ததைப் பற்றியது, பின்னது இனி நடக்கப்போவதைப் பற்றியது. யாருக்கு எவ்வளவு என்பதை அதிகாரம், பெறும் ஆதாயம், மாற்றத்தில் உள்ள அக்கறை, சேர்ந்து செயல்படும் வலிமை ஆகியவற்றை வைத்து அறியலாம் என்றார் அவர். இந்த அளவைகளில் அதிகாரத்திலும் ஆதாயத்திலும் சில்லறை நிறுவனமே மேலே வருகிறது. வலிமையிலும் அதற்குச் சமமாக ஒருவரைச் சொல்வது கடினம். அக்கறையில் தொழிலாளியே முதலில் வருவார். ஆனால் அவரிடம் மற்ற மூன்றும் இல்லை.

இனி வருவது ஒழுக்கத்தின் பெயராலேயே சொல்லப்படும் மறுப்பு. எளிதில் ஒதுக்க முடியாததும் இதுதான். மலிவு விலையால் பயனடைவது பணக்காரர் மட்டும் அல்ல. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் குறைந்த வருமானக் குடும்பங்கள்தான் இந்தக் கடைகளை நம்பியிருக்கின்றன. வங்கதேசத்தின் ஏற்றுமதி வருமானத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஆடைத் தொழிலிலிருந்து வருகிறது. சுமார் 40 லட்சம் பேர் அதில் வேலை செய்கிறார்கள், பெரும்பாலோர் பெண்கள். வயல் வேலையையும் சிறு வயதுத் திருமணத்தையும் தவிர வேறு வழி அறியாதவர்களுக்கு அந்தக் கூலி ஒரு விடுதலை. விதிகளைக் கடுமையாக்கினால் ஆர்டர் வேறு நாட்டுக்குப் போய்விடும். நல்லெண்ணம் வேலையைக் கொன்றுவிடும் என்கிறார்கள். இதில் உள்ள உண்மைகளை ஏற்கிறேன். கோபத்தில் வங்கதேசச் சரக்கையே புறக்கணிப்பது அந்தப் பெண்களுக்குச் செய்யும் கேடு என்பதையும் ஏற்கிறேன். ஆனால் வேலை நல்லது என்பதிலிருந்து பூட்டிய கதவும் நல்லது என்று வராது. ஒரு சட்டையின் சில்லறை விலையில் தைத்தவரின் கூலி மிகச் சிறிய பகுதி. கதவைத் திறந்து வைக்கவும், கட்டடத்தை உறுதிப்படுத்தவும், நியாயமான கெடு தரவும் ஆகும் செலவைக் கேட்டு ஏழை வாடிக்கையாளர் கடையை விட்டு ஓடிவிடப்போவதில்லை. ஏழை வாடிக்கையாளரைக் காட்டி ஏழைத் தொழிலாளியை வாய்மூடச் செய்யும் வாதத்தில், நடுவில் லாபம் பார்ப்பவர் மட்டும் கணக்கிலேயே வருவதில்லை. மேலும், அந்த வேலையை நம்பிக் குடும்பமே இருக்கிறது என்றால், அதைத் தருபவரின் பொறுப்பு கூடுமே ஒழியக் குறையாது.

நான் விலகினால் இன்னொருவர் வாங்கிவிடுவார், போட்டியில் நான் மட்டும் தோற்பேன் என்பது வணிகரின் மறுப்பு. தனித்தனியாக நின்றால் இது உண்மை. அதனாலேயே விடை சேர்ந்து நிற்பதில் இருக்கிறது. ராணா பிளாசாவுக்குப் பிறகு 2013 மே மாதத்தில் கையெழுத்தான வங்கதேசத் தீ மற்றும் கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தம் இதைக் காட்டியது. அக்கார்டு என்று வழங்கும் இதில் 200க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் உலகத் தொழிற்சங்கக் கூட்டமைப்புகளோடு சேர்ந்தன. வழக்கமான உறுதிமொழிகளைப்போல இல்லாமல் இது சட்டப்படி கட்டுப்படுத்துவதாக இருந்தது. பாதுகாப்புப் பணிகளைச் செய்ய ஆலைக்குக் கட்டுப்படியாகும் விதத்தில் வணிக நிபந்தனைகளை அமைக்க வேண்டும் என்பதும், ஆர்டரைச் சட்டென்று நிறுத்திவிட்டு ஓடக் கூடாது என்பதும் அதில் எழுதப்பட்டன. 1,600க்கும் மேற்பட்ட ஆலைகள் பொறியாளர்களால் சோதிக்கப்பட்டன. கடமையில் தவறியதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு நிறுவனம் 2018இல் 23 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு வழக்கை முடித்தது. வால்மார்ட் இதில் சேராமல் மற்ற சில வட அமெரிக்க நிறுவனங்களோடு தனி ஏற்பாடு செய்துகொண்டது. தமிழ்நாட்டிலும் 2022இல் திண்டுக்கல் ஒப்பந்தம் இதே வழியில் வந்தது. ஆடை ஆலைகளில் பெண்கள் மீதான பாலியல் வன்முறையைத் தடுக்க, பெண்கள் முன்னின்று நடத்தும் ஒரு தொழிற்சங்கமும் ஆலை நிர்வாகமும் செய்துகொண்ட ஏற்பாட்டுக்கு எச் அண்ட் எம் உள்ளிட்ட நிறுவனங்கள் தங்கள் ஆர்டரின் பலத்தைத் துணையாகத் தந்தன. தீங்கை ஏவக்கூடிய அதே பணம் தீங்கைத் தடுக்கவும் கூடும் என்பது இந்த இரண்டிலும் தெரிகிறது. வாங்குபவருக்கு எந்தச் சக்தியும் இல்லை என்ற சமாதானம் இதன் பிறகு எடுபடாது.

இது அரசின் வேலை, கடைக்காரரின் வேலை அன்று என்பது இன்னொரு மறுப்பு. வங்கதேச அரசும் பாகிஸ்தான் அரசும் தங்கள் கடமையைச் செய்திருந்தால் பல உயிர்கள் பிழைத்திருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் எந்த நாட்டில் கண்காணிப்பு தளர்வோ அந்த நாட்டில் விலை குறைவு. அந்தக் குறைவைத் தேடிப் போனவரே அங்கே அரசு சரியில்லை என்று குறை சொல்வது விந்தை. வாங்குபவர்களின் சொந்த நாட்டு அரசுகளும் இதை மெல்ல உணர்கின்றன. பிரான்சு 2017இலும், ஜெர்மனி 2023 முதலும் பெரிய நிறுவனங்கள் தங்கள் சப்ளையர்களிடத்தில் நடக்கும் மனித உரிமை மீறல்களில் விழிப்பாக இருக்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தன. ஐரோப்பிய ஒன்றியமும் 2024இல் பொது விதி ஒன்றை இயற்றியது. அதன் எல்லையைச் சுருக்கும் முயற்சிகளும் உடனே தொடங்கிவிட்டன. சட்டங்கள் ஏறும், இறங்கும். அறக் கேள்வி அவற்றுக்காகக் காத்திருப்பதில்லை. எல்லாவற்றையும் அறிந்துவிட யாராலும் முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நூற்பாலைக்கும் அப்பால், பருத்திக் காடு வரை சங்கிலி நீள்கிறது. ஆகவே பொறுப்பு எல்லையற்றது என்று நான் சொல்லவில்லை. விலையையும் நாளையும் ஒருவர் எவ்வளவு தூரம் போய் நிர்ணயிக்கிறாரோ, அவ்வளவு தூரம் போய் அறியவும் கடமைப்பட்டவர் என்கிறேன். லாபத்துக்காக எட்டும் கை, கேள்வி கேட்கும்போது மட்டும் எட்டாது என்பதை ஏற்க முடியாது.

2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது இந்த உறவின் உண்மை உருவம் வெளிப்பட்டது. மேலைநாட்டுக் கடைகள் மூடப்பட்டதும், வங்கதேசத்தில் 300 கோடி டாலருக்கு மேற்பட்ட ஆர்டர்கள் ரத்தாயின அல்லது நிறுத்திவைக்கப்பட்டன என்று அந்நாட்டு ஏற்றுமதியாளர் சங்கம் கணக்கிட்டது. தைத்து முடித்த சரக்குக்கே சிலர் பணம் தர மறுத்தார்கள். துணியை வாங்கிய கடனும் கொடுக்க வேண்டிய கூலியும் ஆலையின் தலையில் விழுந்தன. பின்னர் எழுந்த கண்டனத்தால் பல நிறுவனங்கள் பணம் தந்தன. ஸ்டாக் வைக்காமல், தேவைப்படும்போது மட்டும் வரவழைக்கும் முறை சேதத்தைக் குறைக்கிறது என்று பாராட்டப்பட்டது. குறைந்தது யாருடைய சேதம் என்ற கேள்விக்கு அந்த மாதத்தில் விடை கிடைத்தது. இடர் மறைந்துவிடவில்லை, அதைத் தாங்க முடியாதவரிடம் தள்ளப்பட்டிருந்தது. அதைச் சீர்திருத்தம் என்று அழைப்பது தவறு.

ஆகவே பெரிய சில்லறை நிறுவனம் ஒன்று தன் சப்ளை செயினைச் சீர்படுத்த நினைத்தால், முதலில் சோதிக்க வேண்டியது தன் கொள்முதல் மேசையைத்தான். இந்த விலையில் சட்டப்படியான கூலி அடங்குமா, இந்தக் கெடுவில் சட்டப்படியான வேலை நேரம் அடங்குமா, கடைசி நேர மாற்றத்தின் செலவை யார் ஏற்பது, சரக்கு தைத்து முடிந்த பிறகு ரத்து செய்ய எனக்கு உரிமை உண்டா: இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை காணப் புதிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம். வேண்டிய விவரம் முழுதும் ஏற்கெனவே நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது. கொள்முதல் அதிகாரியின் திறமையை மிச்சம் பிடித்த பணத்தால் மட்டும் அளக்காமல், அவர் கொடுத்த ஆர்டர்கள் நேர்மையாக நிறைவேற்றக் கூடியவையா என்பதாலும் அளக்க வேண்டும். பரிமேலழகரின் வாதிக்குக் காலம்தான் துணையாக இருந்தது: தின்பவர் கடைக்கு வரும்போது கொலை முடிந்திருக்கும். இன்றைய வாங்குபவருக்கு அந்தத் துணையும் இல்லை. துணி வெட்டப்படுவதற்கு முன்பே அவர் அங்கே இருக்கிறார், எழுத்தில், எண்ணில், தேதியில். தீங்கைத் தடுக்கக்கூடிய நேரமும் அதுவேதான்.